காரம் கொஞ்சம் அதிகம்

'கீய்ங்... கீய்ங்... கீய்ங்...'

வெள்ளிக்கிழமை காலை ஏழேகாலுக்கு அலாரம் அலறியபோது கடலரசர் பாதி முகம்தான் மழித்திருந்தார். மீதிப் பாதியில் சோப்பு நுரை. அப்படியே பிளேடும் கையுமாகப் பாய்ந்து வந்தார். நடையில், செருப்பு ஸ்டாண்டுக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவே தரையில் உட்கார்ந்திருந்த ஆறு மாணவிகள் சட்டென்று காலை மடக்கி வழி விட்டார்கள். அவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். டியூஷனில் வேதியியலோடு இதையும் சேர்த்துத்தான் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா சத்தம்? தீப்பிடிச்சிருச்சா?" என்று உள்ளிருந்து மாமனாரின் குரல் வந்தது.

"இல்லப்பா. கடல் நின்னுபோச்சு" என்றார் கடலரசரின் மனைவியான டீச்சர், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே.

அந்த வீட்டில் இருந்த ஒரே காற்றோட்டமான அறையில்தான் கடல் இருந்தது. நாலடித் தொட்டி, முந்நூறு லிட்டர் உப்புத்தண்ணீர், மேலே நீல விளக்கு, உள்ளே பவளங்கள். கடலரசர் கையை முழங்கை வரை விட்டு, மக்கர் செய்த பம்பை வெளியே எடுத்தார். சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக இறுகிப் போயிருந்தது. ஹீட்டரை எடுத்தார். அதுவும் வெள்ளை. எட்டிப் பார்த்தார். பரிசுக்கென்றே அவர் வளர்த்துவந்த கொம்புப் பவளம் நுனி கருகி, பாதி உடம்பு தோலுரிந்து, கோழி எலும்பு போல நின்றுகொண்டிருந்தது. தொட்டியின் ஒரே கோமாளி மீன் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

"இன்னும் ரெண்டே நாள்" என்று முணுமுணுத்தார் கடலரசர். நுரை வழிந்து ஒரு சொட்டு தண்ணீரில் விழுந்தது.

கடலரசர் என்பது அவர் பெயர் அல்ல. அவர் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் விசாரணை அதிகாரி. கார் மோதியது என்று யாராவது எழுதிக் கொடுத்தால், மோதவில்லை என்று நிரூபிக்கிற வேலை. பொய்யை வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவார் என்று பெயர். சாப்பாட்டு நேரத்தில் அவர் பவளப் புராணம் பாடுவதைத் தாங்க முடியாமல், பக்கத்து மேஜைக்காரர் ஒருநாள் "வந்துட்டார்யா கடலரசர்" என்று கிண்டல் அடித்தார். இவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். வாட்ஸப்பில் தன் பெயரையே அப்படி மாற்றிக்கொண்டார். அதன்பிறகு யாருக்கும் கிண்டல் செய்ய மனசு வரவில்லை.

அந்த அறை முன்பு டீச்சரின் டியூஷன் அறை. சுவரில் கரும்பலகை, ஜன்னலோரம் இரண்டு பெஞ்சு, மூலையில் சோதனைக் குழாய்கள் வைத்த அலமாரி. தொட்டி வந்த அன்று பெஞ்சுகள் மொட்டை மாடிக்குப் போயின, கரும்பலகை கட்டிலுக்கு அடியில் போனது, டீச்சர் நடைக்கு வந்தார்.

"கொஞ்ச நாள்தானேம்மா. செட்டாகற வரைக்கும்" என்றார் கடலரசர்.

ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. இதற்கிடையில் டீச்சர் செய்த ஒரே காரியம், விடைத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் அவரிடம் எழுதி வாங்கியதுதான். 'பவளச் சங்கம் வழங்கும் இந்த ஆண்டின் சிறந்த இல்லத்துக் கடல் பரிசு எனக்குக் கிடைக்காத பட்சத்தில், தொட்டியைக் கலைத்து, அறையை என் மனைவியிடம் ஒப்படைக்கிறேன்.' கீழே கையெழுத்து, தேதி. கிடைக்காமல் எங்கே போகப்போகிறது என்ற தெம்பில் மீசையைத் தடவிக்கொண்டே போட்ட கையெழுத்து. அந்தத் தாள் ஃபிரிட்ஜ் கதவில், காந்தத்துக்கு அடியில், இன்னும் இருந்தது. தண்ணீர் பாட்டில் எடுக்கும்போதெல்லாம் அவர் அதைப் படித்தாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கத் தலைவர் நேரில் பார்க்க வருகிறார்.

வினையே பரிசில்தான் ஆரம்பித்தது. பவளம் எலும்பு வளர்க்கத் தண்ணீரில் காரத்தன்மை வேண்டும். அதற்கு ஒரு பவுடர் உண்டு. டப்பாவில் 'நாளுக்கு ஒரு ஸ்பூன்' என்று போட்டிருந்தது. ஒரு ஸ்பூனுக்கு ஒரு பங்கு வளர்ந்தால் மூன்று ஸ்பூனுக்கு மூன்று பங்கு வளரும் என்று கணக்குப் போட்டார் கடலரசர். எட்டு, ஒன்பது இருக்க வேண்டிய காரம் பன்னிரண்டைத் தொட்டது. பவளம் வளரவில்லை. வெந்தது.

அப்போது ஓடினார் மீன்கடைக்காரரிடம். வெட்டி, செதில் நீக்கித் தருகிற மீன்கடை இல்லை. உயிரோடு பாலிதீன் பையில் போட்டுத் தருகிற கடை.

"பவுடரை நிறுத்துங்க சார்" என்றார் மீன்கடைக்காரர்.

"நிறுத்திட்டேன். அப்புறம்?"

"வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் தண்ணி மாத்துங்க. அப்புறம் ஒன்னும் பண்ணாதீங்க."

"ஆசிட் கொஞ்சம் விட்டா?"

"அய்யோ, வேணாம் சார்."

"தண்ணி பூராவும் ஒரேயடியா மாத்திட்டா?"

"இருக்கிற உசிரும் போயிடும். பவளமே காரத்தைச் சாப்பிட்டுக் குறைச்சுக்கும். நீங்க கையைக் கட்டிட்டு உக்காருங்க."

"கையைக் கட்டிட்டுன்னா, எத்தனை மணிக்கு ஒரு தடவை?"

மீன்கடைக்காரர் அடுத்த வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் கடலரசர் துக்கச் செய்தியை வீட்டுக்கு அறிவித்தார்.

"தண்ணில காரம் ஏறிப்போச்சு. பவளம் நுனியெல்லாம் எரிஞ்சுபோச்சு. பாவம், வாயில்லா ஜீவன்."

மாமனார் கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார். பஸ் டிப்போவில் முப்பது வருஷம் நேரங்கெட்ட நேரத்தில் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொண்டவர் அவர். மாப்பிள்ளை அவரிடம் பேசுவதே "சாப்டீங்களா மாமா" என்ற ஒரே வாக்கியம்தான். அதுவும் பதிலுக்கு நிற்காது.

"காரமா மாப்பிள்ளை? ரொம்பவா எரியுது?"

"எரியுதாவா? கருகுது மாமா, கருகுது!"

"எனக்குத் தெரியும் மாப்பிள்ளை அந்த அவஸ்தை" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டார் மாமனார். கண் கலங்கியே விட்டது.

டீச்சர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டார். "எவ்வளவு பவுடர் போட்டீங்க? நான் வேணா ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பார்க்கட்டுமா?"

கடலரசர் சிரித்தார். பல் தெரிய, தோள் குலுங்க, ஆபீஸில் புது ஆட்களைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு.

"இது பத்தாங்கிளாஸ் லேப் இல்லம்மா. லிட்மஸ் தாளை நனைச்சுப் பார்த்துட்டுக் கைதட்டறதுக்கு. இது கடல். காரத்தன்மைன்னா என்னன்னு முதல்ல தெரியுமா உனக்கு?"

பத்தொன்பது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் அமிலம், காரம், உப்பு என்று தொண்டை வற்றக் கத்துகிற பெண்மணி அவரை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"தெரியாதுங்க" என்றார். பிறகு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

விவரமான ஆண்பிள்ளை அந்தத் 'தெரியாதுங்க'வைக் கேட்டு அன்றைக்கே பெஞ்சுகளை மாடியிலிருந்து இறக்கியிருப்பான். கடலரசர் இன்னொரு டம்ளர் தண்ணீர் கேட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவருக்கு விளங்கவேயில்லை. பவுடரை நிறுத்தியாயிற்று. டப்பாவையே ஆபீஸ் மேஜை டிராயரில் பூட்டியாயிற்று. ஆனாலும் காரம் இறங்கவில்லை. ஏறியது.

தினம் இரண்டு வேளை சோதனை. சின்னக் குழாயில் தொட்டித் தண்ணீர் பிடித்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நீலம் மஞ்சளாக எத்தனை சொட்டோ அத்தனை டிகிரி காரம். காலையில் பதின்மூன்று சொட்டு. சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால் பதினாலு. பகலில் மட்டும் ஏறுகிறது! கடலரசர் இதை வைத்து ஒரு புதுக் கொள்கையே உருவாக்கி, சங்கத்தின் வாட்ஸப் குழுவில் நாற்பது வரி எழுதினார். சூரிய வெளிச்சம், சுவரின் வெப்பம், நிலவின் ஈர்ப்பு எல்லாம் அதில் இருந்தது. குழுவில் ஒருவர் கைகூப்புகிற பொம்மை போட்டார். இன்னொருவர், "சார், வீட்ல வேற யாராவது போடறாங்களா?" என்று கேட்டார். அவரைக் கடலரசர் வாழ்நாள் முழுதும் மன்னிப்பதாக இல்லை.

உப்பை மாற்றினார். சோதனை மருந்தை மாற்றினார். சென்ற ஞாயிறு சங்கக் கூட்டத்துக்குப் போய், உப்புக் கம்பெனியையே சந்தி சிரிக்க வைப்பேன் என்று மேஜையைத் தட்டினார். திரும்பி வந்து பார்த்தால் பதினாலு பதினைந்தாகியிருந்தது.

ஆக, இந்த வெள்ளிக்கிழமை, காய்ந்து போன நுரையோடு அவர் நடைக்குத் திரும்பி வந்தபோது, சந்தேகக் கண் மாணவிகள் மேல் விழுந்தது. ஒரு பெண் எழுந்து நின்று பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

"காரங்கள் சிவப்பு லிட்மஸை நீலமாக்கும். கையில் தொட்டால் வழவழப்பாக இருக்கும். எடுத்துக்காட்டு: சுண்ணாம்பு நீர், சோப்புக் கரைசல், சமையல் சோ..."

"சத்தம் போடாதீங்க!" என்று அதட்டினார் கடலரசர். "இங்க ஒரு ஆராய்ச்சி நடந்துட்டிருக்கு. உங்கள்ல யாரு தொட்டிக்குள்ள சாக்பீஸ் போட்டது?"

ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சாக்பீஸா?" என்றார் டீச்சர் நிதானமாக. "சாக்பீஸுக்குக் கரும்பலகை வேணும்ங்க. கரும்பலகைக்கு சுவர் வேணும். சுவருக்கு ரூம் வேணும். நாங்க நோட்டுலதான் எழுதறோம்."

ஒரு பெண் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

விசாரணை அதிகாரி விடுவாரா? மனைவியைத் தனியே அழைத்து, ஆபீஸ் குரலில் கேட்டார். "உண்மையைச் சொல்லு. நீ தொட்டியைத் தொட்டியா?"

"இந்த ரெண்டு வாரத்துல உங்க தொட்டி மேல என் விரல்கூடப் படலைங்க" என்றார் டீச்சர், கண்ணை நேராகப் பார்த்து.

பொய்யை வாசனையிலேயே பிடிக்கிறவர் மோந்து பார்த்தார். சுத்தமான உண்மை. தலையசைத்துக்கொண்டு போய்விட்டார். மாமனாரைக் கேட்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பவளத்துக்கும் பாசிக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷர், அவரிடம் போய் என்ன கேட்பது என்று விட்டுவிட்டார்.

சனிக்கிழமை மீன்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு நேரில் வந்தார். தொட்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். பம்பைச் சுரண்டினார். விரலால் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார்.

"யாரோ போடறாங்க சார்."

"என் வீட்டுலயா? என்னைக் கேக்காம இங்க ஒரு ஈ பறக்காது."

"ஈ பறக்குதோ இல்லையோ, காரம் தானா முளைக்காது சார். நான் சொன்ன மாதிரி சும்மா விட்டிருந்தா இந்நேரம் பத்துக்கு வந்திருக்கும். பவளம் தளிர்விட ஆரம்பிச்சிருக்கும்." வாசலில் செருப்பு மாட்டும்போது டீச்சரைப் பார்த்து, "நீங்க கெமிஸ்ட்ரி டீச்சராமே? நீங்களாவது கொஞ்சம் பாருங்களேம்மா" என்றார்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க" என்றார் டீச்சர். "லிட்மஸ்தான் தெரியும்."

ஞாயிறு காலை கடலரசர் ஆறு மணிக்கே எழுந்துவிட்டார். செத்துப்போன பவளத்தை எல்லாம் பாறைக்குப் பின்னால் ஒளித்தார். பிழைத்திருந்த மெத்தைப் பவளத்தை முன்னால் நகர்த்தினார். வெள்ளை விளக்கை அணைத்து நீல விளக்கை மட்டும் முழுசாக ஏற்றினார். நீல வெளிச்சத்தில் எலும்புகூட ஜொலிக்கும் என்பது அவர் கணக்கு. இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு தொட்டியின் முன்னால் நின்றபோது, இழப்பீடு கேட்டு வந்து உட்கார்ந்திருக்கும் ஆசாமி மாதிரியே இருந்தார்.

ஒன்பதே முக்காலுக்குத் தலைவர் வந்தார். கூடவே சங்கத்து ஆட்கள் இருவர். தலைவர் குட்டையான மனிதர், தொழில் ரீதியாகக் கண் டாக்டர். எதையும் கிட்டப் போய்ப் பார்ப்பவர்.

"வாங்க, வாங்க! இது நம்ம எளிய முயற்சி" என்று ஆரம்பித்தார் கடலரசர். "பொதுவா இல்லத்துக் கடல்னு சொன்னா மக்கள் அலங்காரம்னு நினைக்கறாங்க. என்னைப் பொறுத்தவரைக்கும் இது ஒரு தவம்..."

"வெள்ளை லைட்டைப் போடுங்க" என்றார் தலைவர்.

"தவம்னு ஏன் சொல்றேன்னா..."

"லைட்டு."

வெள்ளை விளக்கு எரிந்தது. கூட வந்த இருவரில் ஒருவர், சாவு வீட்டில் நிற்பது போலக் கையைக் கட்டிக்கொண்டார்.

தலைவர் பையிலிருந்து தன் சொந்தச் சோதனைக் குழாயை எடுத்தார். தண்ணீர் பிடித்தார். சொட்டு விட ஆரம்பித்தார். எட்டு, ஒன்பது, நீலம். பன்னிரண்டு, நீலம். கடலரசரின் உதடும் கூடவே எண்ணியது. பதினைந்து, நீலம். பதினாறு. பதினேழாவது சொட்டில்தான் மஞ்சள் வந்தது.

"சார், நீங்க இன்னும் பவுடர் போட்டுட்டுதான் இருக்கீங்க."

"சத்தியமா இல்ல சார்! டப்பா ஆபீஸ்ல பூட்டியிருக்கு. இது வந்து, பகல்ல மட்டும் ஏறுற ஒரு விசித்திரமான... நான் குழுவில எழுதியிருந்தேனே, நாற்பது வரி..."

அப்போது சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து ஆனது.

அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு மாமனார் வந்தார். காலைச் சாப்பாடு முடித்து, நெஞ்செரிச்சலுக்கு ஒரு சிட்டிகை சோடாவைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, ஒரு ஏப்பமும் விட்டுவிட்டு வந்த முகத்தில் நல்ல நிறைவு. ஒரு கையில் வெள்ளை டப்பா. இன்னொரு கையில் ஸ்பூன்.

"கொஞ்சம் தள்ளிக்கோங்க தம்பி" என்று தலைவரை ஓரம் கட்டினார். கண்ணாடி மூடியைத் தூக்கினார். தலை தட்டி ஒரு ஸ்பூன் போட்டார். தலை தட்டி இன்னொரு ஸ்பூன் போட்டார். ஸ்பூனாலேயே ஒரு கலக்குக் கலக்கினார். "இன்னைக்குச் சரியாயிடும், பாரு" என்று, பாறைக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, கொம்புப் பவளத்தின் எலும்புக்கு ஆறுதல் சொல்லிவிட்டு மூடியை வைத்தார்.

தொட்டிக்குள் வெள்ளையாக ஒரு புகை இறங்கியது. கோமாளி மீன் பாறைக்குப் பின்னால் போய்விட்டது.

"மா... மா..." கடலரசருக்கு வாய் குழறியது. "என்ன மாமா அது?"

"சோடா மாப்பிள்ளை. சமையல் சோடா." மாமனார் டப்பாவைத் திருப்பிக் காட்டினார். "நீங்கதானே அன்னைக்குச் சொன்னீங்க, காரம் ஏறிப்போச்சு, எரியுதுன்னு? எரிச்சலுக்கு சோடாவை விட்டா மருந்து ஏது? எனக்கு முப்பது வருஷமா இதான் கேக்குது. தினம் நீங்க ஆபீஸ் போனப்புறம் நான் குடிக்கறப்போ அதுங்களுக்கும் ஒரு வாய் குடுத்துடறேன். நல்லதைச் செஞ்சுட்டு சொல்லிக் காட்டக் கூடாதுன்னுதான் உங்ககிட்ட சொல்லல."

கையைக் கட்டி நின்றவர் முதலில் சிரித்தார். பிறகு மற்றவர். தலைவர் மட்டும் சிரிக்காமல், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அப்புறம் நோட்டை எடுத்து, வரிசையில் நாலாவதாக இருந்த பெயரை ஒரே கோடாக அடித்தார்.

"அடுத்த வருஷம் பார்க்கலாம் கடலரசர் சார்."

வாசற்படியில் டீச்சர் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கையில் தையல் டேப். ஜன்னலிலிருந்து கதவு வரை கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார். நடையில், கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்த கரும்பலகை, தூசி தட்டி, சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

கடலரசர் அதையெல்லாம் கவனிக்கும் நிலையில் இல்லை. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்துக் கத்தினார்.

"சோடாவே காரம்தான் மாமா! எரியற நெருப்புல எண்ணெய் ஊத்தியிருக்கீங்க! மிளகாய்க் காரம் வேற, இந்தக் காரம் வேற! இதுகூடத் தெரியாம, யாரைக் கேட்டுக்கிட்டு இதுல கை வெச்சீங்க?"

மாமனாருக்கு மனசு புண்பட்டுவிட்டது. ஸ்பூனைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, வாசற்படியில் நின்ற மகளை ஒரு தரம் பார்த்தார்.

"கேக்காம செய்ய நான் என்ன சின்னப்பிள்ளையா மாப்பிள்ளை? படிச்சவ வீட்டுல இருக்கான்னு, முதல் நாளே இவகிட்டதான் கேட்டேன், 'ஒரு ஸ்பூன் போதுமாம்மா'ன்னு. கொஞ்ச நேரம் யோசிச்சுப் பார்த்துட்டு, 'ரெண்டாப் போடுங்கப்பா'ன்னா!"